கருநீலத்துக்குக் கறுப்பு நூல்

போன மாதம் என் மருமகள் வீட்டின் பின்பக்க அறையைத் தையல் அறையாக மாற்றினாள். திண்டிவனத்தில் என் மகன் கட்டிய வீடு. மோட்டார் வைத்த புது மிஷின் வந்து இறங்கியது. மறுநாள் காலையில் வந்த எலெக்ட்ரீஷியன், கூரை நடுவில் ஒரு பல்பு போதும் என்று சொல்லி ஏணியில் ஏறினான். நான் அவனை இறங்கச் சொன்னேன்.

மிஷின் சுவரைப் பார்த்து இருக்கிறது. நடுவில் விளக்கைப் போட்டால் வெளிச்சம் தைப்பவளின் முதுகில் விழும், அவள் நிழல் துணிமேல் விழும் என்றேன். மிஷினை ஜன்னலோரம் நகர்த்த வேண்டும், ஊசி இடப்பக்கம் இருப்பதால் ஜன்னலும் அவளுக்கு இடப்பக்கமே வர வேண்டும் என்றேன். மஞ்சள் பல்பே கூடாது, பகல்போல வெள்ளையாக எரிவது வேண்டும், ஊசிக்கு நேராக வளைத்துக்கொள்கிற சின்ன விளக்கு ஒன்று தனியாக வேண்டும் என்றும் சொன்னேன்.

எலெக்ட்ரீஷியன் மருமகளைப் பார்த்தான். "அக்கா, சார் முன்ன டைலர் கடை வெச்சிருந்தாரா?"

"காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியாருப்பா. சட்டையில பட்டன் அறுந்தா என்கிட்டதான் நீட்டுவாரு" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். பிறகு, இதெல்லாம் உங்களுக்கு எப்படி மாமா தெரியும் என்று கேட்டாள். வாயால் சொல்வதைவிட எழுதிவிடுவது சுலபம் என்று தோன்றியது. எழுத உட்கார்ந்த பிறகு அதுவும் சுலபமாக இல்லை.

எனக்குப் பத்து வயது. விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை. அப்பாவின் தங்கை, என் அத்தை, கெடாரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷத்தில் எங்களிடம் திரும்பி வந்துவிட்டாள். அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். வந்த அன்று அவள் காதுக்குப் பின்னால் ரத்தம் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். அதை யாரும் பேசவில்லை. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவா" என்று அக்கம்பக்கத்தில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தை நன்றாகத் தைப்பாள். அவளுடைய கால்மிஷின் வாசலறை ஜன்னலோரம் இருந்தது. தெருப்பக்கம் திறக்கும் ஜன்னல். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை நல்ல வெளிச்சம் வரும். வீட்டில் வேறெங்கும் அப்படி வராது. எதிரே ஒரு சைக்கிள் கடை.

அந்தச் சைக்கிள் கடையில்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன், தொடர்ந்து நான்கு நாள். அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். முதல் மூன்று நாளும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். நான்காம் நாள் அப்பாவிடம் சொன்னாள். அப்பா இடுப்பு வாரைக் கழற்றி அடித்தார். தொடையில் அடி தடித்து, ஒரு வாரம் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை.

வீக்கம் வடிந்த பிறகு, ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்: "சைக்கிள் கடைக்காரு அத்தையப் பாத்து சிரிக்கிறாரு. அத்தையும் சிரிக்குது."

இது முழுப்பொய் இல்லை. அதுதான் இதில் கேவலமான பகுதி. ஒரு நாள் நூல்கட்டை ஜன்னல் வழியாக உருண்டு தெருவில் விழுந்தது. அவர் எடுத்து வந்து கொடுத்தார். கொடுத்தவர் சிரித்தார், வாங்கியவளும் சிரித்தாள். அவ்வளவுதான். அந்த ஒரு தடவையைத் தினமும் நடப்பதாகச் சொன்னேன்.

அப்பா கத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். ஒரு தகரத்தோடு திரும்பி வந்து, ஜன்னலை மூடி அதன்மேல் வைத்து ஆணி அடித்தார். மிஷின் நடு அறைக்குப் போனது. அங்கே ஜன்னல் கிடையாது, மூட்டைகள் அடுக்கியிருக்கும். கூரை நடுவில் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு தொங்கியது. சுவரைப் பார்த்து மிஷினைப் போட்டதால் அத்தையின் நிழல் அவள் துணிமேலேயே விழுந்தது. அவள் ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து தைத்தாள். வாசல் பக்கம் தலை காட்டக்கூடாது என்றும் அப்பா சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள். "தகரத்த எடுக்க வேணாம்ணா, மேல கொஞ்சம் வெளிச்சத்துக்கு மட்டும் வுட்டா போதும்."

"வெளிச்சமாம் வெளிச்சம்" என்றார் அப்பா. "வெளிச்சத்துல நின்னதெல்லாம் போதும்."

அம்மா அடுப்படியிலிருந்து சேர்த்துக்கொண்டாள். "ஏன், தெருவப் பாத்துக்கினு ஓட்டுனாதான் மிஷினு ஓடுமா?"

நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதக் கூசுகிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பெரியவர்கள் ஆணியும் சுத்தியலும் தேடி ஓடியிருந்தார்கள்.

அடுத்த மாதம் இரண்டு சேதிகள் வந்தன. கெடாரிலிருந்து புருஷன் ஆள் அனுப்பினான், இனிமேல் குடிக்க மாட்டேன், அனுப்பி வையுங்கள் என்று. திண்டிவனத்திலிருந்து அத்தையோடு படித்த ஒருத்தி கடிதம் போட்டாள். அவள் ஆசிரியையாக இருந்த பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலை காலி, தங்க இடமும் உண்டு. பள்ளிச் சீருடைத் துணியில் ஒரு கவுன் தைத்துக்கொண்டு நேரில் வர வேண்டும். துணியையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தாள். கருநீலம்.

அப்பா யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வேல கெடச்சா அங்க போ, நான் தடுக்கல. கெடைக்கலன்னா கெடாருக்குக் கெளம்பு. ரெண்டுல ஒண்ணு."

அத்தை அந்தக் கவுனை அளவெடுத்து வெட்டி, மிஷினில் ஓட்டுவதற்கு முன்னால் கையால் ஓட்டுத்தையல் போட்டு வைத்தாள். அடுக்கடுக்காக மடிப்பு வைத்த கவுன். ஒவ்வொரு மடிப்பின்மேலும் தையல் வெளியே தெரியும்படி ஓட வேண்டும். நூல் துணியின் நிறத்திலேயே இருந்தால்தான் அழகு. புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்பினாள்.

"ஜல்தியா போயிட்டு வாடா, வெளக்கு வெக்கிறதுக்குள்ள வந்துடு. கடைக்குள்ள வெச்சிப் பாக்காத, இருட்டுல எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும். வெளிய வெயில்ல வெச்சி, துணி மேல நூலப் போட்டுப் பாரு."

அவள் சொன்னபடியே செய்தேன். கடைக்காரர் கொடுத்த இரண்டு நூல்கட்டைகளையும் வெளியே எடுத்து வந்து, வெயிலில் துணிமேல் வைத்துப் பார்த்தேன். நீலம் துணியோடு கலந்து மறைந்தது. கறுப்பு, எறும்பு வரிசைபோலத் தனியாகத் தெரிந்தது.

"இன்னா தம்பி, நீலமா கறுப்பா?" என்றார் கடைக்காரர்.

"கறுப்பு" என்றேன்.

ஏன் சொன்னேன்? அடிபட்ட கோபம் அதற்குள் ஆறியிருந்தது. அத்தை மேல் வெறுப்பும் இல்லை. கேப்பைக் களியை உருட்டி என் வாயில் போடுகிறவள் அவள்தான். ஜன்னல் விஷயத்தில் கண்ட ருசி மட்டும் நாக்கில் இருந்தது. இப்போதும் ஏதாவது நடக்கும், அதை நான்தான் நடத்துவேன். இதற்குமேல் எனக்குக் காரணம் தெரியாது. எத்தனையோ வருஷம் தேடியும் இதைவிட நல்ல காரணம் ஒன்று கிடைக்கவில்லை.

வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு, இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனேன். அத்தை நூலைப் பல்புக்குக் கீழே துணிமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுதான். "வெயில்ல வெச்சிப் பாத்தியா?" என்றாள். பார்த்தேன் என்றேன். அது உண்மைதானே. அவள் மிஷினில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் அவளோடு நானும் போனேன். பெண்பிள்ளை தனியாகப் பஸ்ஸில் போகக்கூடாது, ஆண்துணை வேண்டும் என்று அப்பா என்னை அனுப்பினார். நான்தான் ஆண்துணை.

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வெயில் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் மடியில் இருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கவுனை விரித்தாள். நான் பார்க்காததுபோல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன். ஒரு விரலால் மடிப்புத் தையலை மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தாள். கடைசி மடிப்பு வரை தடவிவிட்டு, கவுனை மடித்து மறுபடியும் பொட்டலம் கட்டினாள்.

தலைமையாசிரியை கண்ணாடி போட்ட வயதான அம்மாள். கவுனை வராந்தாவுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பி உள்பக்கத்தையும் பார்த்தார்.

"கை சுத்தமா இருக்கும்மா. மடிப்பெல்லாம் ஒரே அளவு. ஆனா கருநீலத்துக்குக் கறுப்பு நூல் போட்டிருக்கியே. பசங்களுக்கு மொதல்ல அதத்தானே கத்துக்குடுக்கணும்?" கவுனை இறக்கிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, வீட்ல வெளிச்சம் பத்தாதா?"

அத்தை சட்டென்று சொன்னாள். "நல்லா இருக்குதுங்க. நான்தாங்க கவனிக்கல."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது நான் வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது. வெளிச்சம் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஜன்னலை ஏன் அடைத்தார்கள் என்று சொல்ல வேண்டி வரும். அந்தப் பேச்சு அடிபட்ட பெண்ணை எந்தப் பெண்கள் பள்ளியும் உள்ளே விடாது. ஒரு பொய் போதாதென்று கறுப்பு நூலையும் நான் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒன்றைச் சொல்லி மற்றதிலிருந்து அவள் தப்பிக்க முடியாதபடி.

வேலை கிடைக்கவில்லை. அந்த மாதமே அவளைக் கெடாரில் கொண்டுபோய் விட்டார்கள். அவன் குடியை விடவில்லை. மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஒரு தடவை வலது கையை முறுக்கி உடைத்தான். எலும்பு கோணலாகக் கூடி, முழங்கை நீட்டவும் மடக்கவும் வராமல் போயிற்று. அதற்குப் பிறகு அவள் மிஷின் பக்கம் போகவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தபோது, அந்தக் கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, இடது கையால் என்னையும் என் மனைவியையும் ஆசீர்வதித்தாள். அதன்பின்னும் பல வருஷம் இருந்தாள். எத்தனையோ தடவை அவளைப் பார்த்தேன். காப்பி குடித்தோம், பிள்ளைகள் படிப்பைப் பேசினோம். நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது அவள் இல்லை.

ஒன்றை இன்னும் எழுதவில்லை.

அன்றைக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அத்தை எனக்கு வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக் கொடுத்தாள். விழுப்புரம் பஸ் வர நேரமிருந்தது. நான் உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியாமதானேடா வாங்கினு வந்த?"

கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "தெரியாமதான் வாங்கினு வந்திருப்ப. சின்னப் புள்ள, உனுக்கு இன்னா தெரியும்."

நான் தலையாட்டினேன்.

"சரி, சாப்புடு" என்று சொல்லி, என் சட்டையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிவிட்டாள்.

அத்தையை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, மீதி மல்லாட்டையையும் கேட்டு வாங்கித் தின்றேன். கெடாருக்குப் போகப் போகிற ஒருத்தி அந்தப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து என்னைப் பற்றி யோசித்திருக்கிறாள். நான் பெரியவனான பிறகு எப்படித் தூங்குவேன் என்று யோசித்து, எனக்காக ஒரு பொய்யைத் தயார் செய்து கையில் கொடுத்திருக்கிறாள். எனக்கு அன்றைக்கு அது மல்லாட்டையாக மட்டும்தான் தெரிந்தது.