ஒரு அடி தள்ளி நின்றிருக்கலாமாம்

சுகந்தி அக்கா போய்விட்டார். இன்று விடிய, பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஓடிக்கொண்டிருந்தபோது, மணல் டிப்பர் அடித்து.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. எழுதியிருக்கவும் மாட்டேன். ஆனால் மத்தியானம் ஒரு செய்திப் பக்கம் அக்காவின் காலில் இருந்து கழன்ற ஒற்றைச் சப்பாத்தைப் படம் எடுத்துப் போட்டு, "வீதியில் ஓடிய பெண்ணின் கவனயீனம்" என்று தலைப்பு வைத்திருக்கிறது.

கவனயீனம்... சுகந்தி அக்காவுக்கு.

கீழே கொமென்ட் வேறு. "பொம்பிளைக்கு விடியப்புறம் ஓட்டம் என்னத்துக்கு?" "டிப்பர் வந்தால் ஒரு அடி தள்ளி நிண்டிருக்கலாம்தானே?" அதற்கு லைக் போடவும் ஆட்கள்.

நல்லா இருங்கள். அக்காவுக்கு ஒரு மகள் இருக்கிறாள், பதினேழு வயது. செத்தவீட்டில் ஒரு மூலையில் ஃபோனோடு இருந்து, நீங்கள் எழுதுவதை ஒன்றுவிடாமல் வாசிக்கிறாள். "அம்மாவில பிழையா அன்ரி?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவும் நானும் பதினொரு வருடம் ஒன்றாக மிதிவெடி அகற்றியவர்கள். முழங்காலில் இருந்து நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிற வேலை. வெடி எடுக்காத நிலத்துக்கு எல்லையாக நட்ட சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம் கால் போகக் கூடாது. புல் நிற்கிற இடத்தில் கால் வைக்கவே கூடாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகாது.

மாரியில் வெளியெல்லாம் தண்ணீர் நின்றால் எங்களுக்கு லீவு. ஒருமுறை அந்த லீவில் யூடியூப்பில் 'ட்ரெயில் ரன்னிங்' பார்த்துவிட்டு வந்து, மலைக்கு ஓடப் போவோம் என்று எங்களை இழுத்தவர் அக்காதான். மொத்தம் நாலு பேர், எல்லோரும் இதே வேலை செய்தவர்கள். வன்னியில் மலைக்கு எங்கே போவது? குளக்கட்டில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகினோம்.

அக்காவின் அம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பிறகு கண்டாவளைக்கு வந்து குடியேறியவர். அவர் தலையில் கை வைத்தார். "கூடை சுமந்து ஏறுன மலைடி அது. நீ சும்மா ஓடுறதுக்கா பஸ் புடிச்சுப் போற?"

"ஓம் அம்மா. உங்கட பங்குக்கும் சேர்த்து ஓடிப்போட்டு வாறன்."

நுவரெலியாப் பக்கம், தை மாதம், வாயைத் திறந்தால் புகை. தேயிலைக்கு மேலே புல்வெளி, நடுவில் ஒற்றையடிப் பாதை. முன்னால் போகிறவரின் காலடியிலேயே கால் வைத்து வரிசையாக ஓடினோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஓரிடத்தில் மரம் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. வழி காட்ட வந்த தோட்டத்து அண்ணன் புல்லில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் நாலு பேரும் அப்படியே நின்றோம்.

"ஏன் நிக்கிறீங்க? புல்லுதானே, இறங்கி வாங்க" என்றார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

கால் விறைக்கும் வரை நின்றோம். கடைசியில் அக்கா ஒரு காலை வைத்தார். பிறகு மற்றக் காலை. பிறகு... மனுசிக்கு விசர் பிடித்ததுபோல் அந்தப் புல் முழுக்க ஓடினார். பாதையே இல்லாத பக்கமெல்லாம் ஓடி, விழுந்து, எழும்பி, உடம்பெல்லாம் சேறு.

"எங்க கால் வைச்சாலும் வெறும் மண்தான்டி... வாங்கோ எல்லாரும்."

அதற்காகத்தான் ஒவ்வொரு மாரிக்கும் போனோம். அடுத்த கிழமையும் போக இருந்தோம். அக்கா பை கூடக் கட்டி வைத்துவிட்டார். குளக்கட்டு மழையில் சேறாகிக் கிடந்ததால்தான் இன்று வீதியில் ஓடினார்.

போன வருடம் திரும்பி வரும் வழியில், மாங்குளத்துக்குக் கிட்ட பஸ் கொஞ்ச நேரம் நின்றது. எல்லோரும் கரையோரப் புல்லில் இறங்கிக் கால் நீட்டினார்கள். அக்கா மட்டும் தார் றோட்டிலேயே நின்று தண்ணீர் குடித்தார்.

"அக்கா, இதெல்லாம் வெடி எடுத்துத் துப்புரவாக்கி எத்தினை வருசம். இறங்குங்கோவன்."

"தெரியும்டி. எனக்குத் தெரியுது. கால் கேக்குதில்லை."

மலையில மான், இஞ்ச வந்தா மரம் என்று பகிடி விட்டேன். அவரும் சிரித்தார். அந்தப் பகிடியை இப்போது நினைக்க என் வாயிலேயே அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஐயா காலையில் நடந்ததைக் கண்டவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டிப்பர்காரன் பஸ்ஸை விலத்திக்கொண்டு கண்மண் தெரியாமல் வந்தவன், பிள்ளை. அவா றோட்டு வெள்ளைக் கோட்டுக்கு வெளிய, கரையாலதான் வந்தவா. ஒரு அடி புல்லுக்குள்ள பாய்ஞ்சிருந்தாக் காணும். அவா புல்லைப் பார்த்தவா... பார்த்துக்கொண்டு நிண்டவா."

கேட்டீர்களா? நீங்கள் சொன்ன அந்த ஒரு அடி அதுதான்.

டிப்பர்காரன் பொலிஸில், "அவா குறுக்க பாய்ஞ்சவா" என்று சொல்லியிருக்கிறானாம். மனச்சாட்சி இல்லாதவன். நாளைக்கு ஐயாவைக் கூட்டிக்கொண்டு நானும் பொலிசுக்குப் போகிறேன். நடந்ததை எழுத வைக்காமல் வரமாட்டேன்.

செய்திப் பக்கத்துக்காரரே, வீதியோரப் புல்லில் இறங்கி, வசதியாக நின்றுதானே சப்பாத்தைப் படம் எடுத்தீர்கள்? அந்தத் துண்டு நிலத்தை முழங்காலில் இருந்து, வெடி எடுத்துத் துப்புரவாக்கியது சுகந்தி அக்கா. பக்கத்துத் துண்டு என்னுடையது.

தலைப்பை மாற்றுங்கள்.

பிள்ளை, நீ இதையும் வாசிப்பாய். அம்மாவில் ஒரு பிழையும் இல்லை.

போயிட்டு வாங்கோ அக்கா. புல்லுக்குள்ளாலேயே போங்கோ...