இல்லையென்று சொல்லாதவரின் மனைவி

எங்கள் ஊர் கடைமடை. மேலே இருப்பவர்கள் மனது வைத்துத் தண்ணீர் விட்டால்தான் எங்கள் வயலில் நாற்று நிற்கும். அதனாலேயோ என்னவோ, சண்டை போடும் வீரன் எங்களுக்குப் பெரிதில்லை. கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லாதவன்தான் வீரன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: ஒரு ஊர் எதற்கு ஏங்குகிறதோ, அதைத்தான் தன் காவிய நாயகனுக்குக் குணமாகக் கொடுக்கும். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் தெரியும் சேதி.

ஆடித் திருவிழா நாடகத்தில் கொடையாளி வேஷம் பதினோரு வருஷமாக என் வீட்டுக்காரருக்குத்தான். நாடகம் முடிந்து பொழுது விடிந்ததும் வேஷத்தைக் கலைக்காமல் தெருத்தெருவாக வருவார். அப்போது யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும், அது ஊர் வழக்கம். ஒரு முழம் பூ, தோளில் கிடக்கும் துண்டு, ஒரு மரக்கால் நெல் என்று விளையாட்டாகத்தான் கேட்பார்கள். ஒரு தடவை எங்கள் சேவலைக் கேட்டு வாங்கிப்போய்க் குழம்பே வைத்துவிட்டார் ஒருத்தர். எனக்கு வயிறு எரிந்தது. இவரோ, "போனாப் போவுது விடு" என்று சிரித்தார்.

போன வருஷம் இவருடைய அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூருக்குப் போய் டயாலிசிஸ். பிள்ளைகள் இல்லை. அவர் மனைவி, என் ஓரகத்திக்குச் சர்க்கரை வியாதி. அவரால் கொடுக்க முடியாது. பரிசோதித்துப் பார்த்ததில் பொருந்தியது இவருக்கு மட்டும்தான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தவர், அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார்.

"எனக்குப் பயமா இருக்குடி. கத்திய நெனச்சாலே ஒடம்பு நடுங்குது. யார்கிட்டயும் சொல்லிடாத."

நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆடியில் இவர் தெருவில் வந்தபோது, அவர்கள் வீட்டு வாசலில் ஓரகத்தி நின்றிருந்தார். கையில் தட்டில்லை, தேங்காயில்லை. முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"தம்பி, உங்க அண்ணன் உசுரக் கேக்குறேன். குடுங்க."

அரிதாரம் அப்பியிருந்ததால் இவர் முகம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. "குடுத்தேன், அண்ணி" என்றார். ஊரே குலவையிட்டது. பெண்கள் அவர் காலில் விழுந்தார்கள். ஓரகத்தியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில், கொடுப்பவரின் மனைவியும் சம்மதம் சொல்ல வேண்டுமாம். எந்தக் கதையிலாவது கொடையாளியின் பெண்டாட்டியை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்களா? இங்கே கேட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் முழு மனசோட குடுக்குறேங்கறார். நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அடுப்படியில் பார்த்த அதே பார்வை.

"எனக்குச் சம்மதமில்லைங்க" என்றேன்.

நான் சொன்ன அந்த வார்த்தையில் ஒரு உயிர் போயிற்று. இதை நான் யாரிடமும் மறுக்கப்போவதில்லை.

தை மாதம் இவர் அண்ணன் இறந்துபோனார். துக்க வீட்டில் ஓரகத்தி மாரில் அடித்துக்கொண்டு, "குடுக்க வந்த கையத் தட்டிவிட்டாளே, அவ நல்லா இருப்பாளா!" என்று என் முகத்துக்கு நேரே அழுதார். பக்கத்திலிருந்த பெண்கள் என்னைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். வெளியே பந்தலில் யாரோ, "தம்பி குணம் யாருக்கு வரும்? வாய்ச்சவ சரியில்ல" என்றது எனக்கே கேட்டது. இவருக்குக் கேட்காமலா இருக்கும்? நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக, "நல்லவேளை, நீ சொன்ன" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் யாரோடு குடும்பம் நடத்தினேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

போன வாரம் நாடகத்துக்கு ஆள் பேச வந்தார்கள். "அந்த வேஷத்துக்கு உங்கள விட்டா இந்த ஊர்ல வேற யாருங்க இருக்கா?" என்றார்கள். என் பக்கம் திரும்பாமலே சரியென்று சொன்னார்.