கம்பத்துக்குத் தோல் டாக்டரைத் தேடிப் போனது

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சின்னக்கானலில் ஜீப் ஏறினேன். பூப்பாறை வரை ஐம்பது ரூபாய். பனியில் ரோடு தெரியவில்லை. டிரைவர் தெரிந்தவன்.

"எங்க போறீங்கக்கா, விடியுமுன்ன?"

"குமுளிக்கு. எங்கக்காவப் பாக்க."

கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. நாலு வருஷமாக முழங்கையும் உள்ளங்கையும் தலையும் செதில் செதிலாக உரிகிறது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் பூஞ்சை என்றார்கள். ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர் ரத்தம் கெட்டது என்றார். கொழுந்து கிள்ளும் எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். மத்தியானம் தூக்குவாளிகளை நடுவில் வைத்து, ஒருத்தி குழம்பை ஒருத்தி எடுத்துச் சாப்பிடுவோம். போன மாதம் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். அப்புறம் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டார்கள். அவர் மலையாளி. "ஒட்டாதுன்னு டாக்டர் பேப்பர் வேணும். திங்கட்கிழமை கொண்டு வா. இல்லெங்கில் கொழுந்துக்கு வர வேண்டா" என்றார்.

வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

அடிமாலி ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் எங்கள் லயத்து ஆள் யாராவது நிற்பார்கள். அதனால்தான் இவ்வளவு சுற்று.

பூப்பாறையில் ஏழு மணி பஸ். நெடுங்கண்டம் வழி குமுளிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். எண்பத்தைந்து ரூபாய் வாங்கினார்கள். சாந்தன்பாறை தாண்டியதும் தேயிலை குறைந்து, மர நிழலில் ஏலச்செடி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மா என் கையைப் பார்த்தார். நெடுங்கண்டத்தில் வேறு சீட் காலியானதும் மாறிக்கொண்டார்.

ஒன்பதே முக்காலுக்குக் குமுளி. அக்கா பஸ் ஸ்டாண்டில் நின்றாள். அவள் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறாள். ரோடு முழுக்க அந்த வாசம்தான்.

"கையக் காட்டுட்டி" என்றாள். பார்த்தாள். "திருவுபலகை கணக்கால்ல இருக்கு. தேங்கா திருவலாம் போல."

நான் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள்.

செக்போஸ்ட்டை நடந்து தாண்டினால் தமிழ்நாட்டு பஸ். கம்பத்துக்கு இருபத்து மூன்று கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். ஒவ்வொரு வளைவிலும் சூடு ஏறியது. லோயர்கேம்ப்பில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். முழங்கை தெரிந்தது. திரும்பப் போட்டுக்கொண்டேன்.

பதினொன்றேகாலுக்கு, அக்கா விசாரித்து வைத்திருந்த தெருவுக்குப் போனோம். மாடியில் டாக்டர். பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் நிபுணர்.

படியில் வைத்த காலை எடுத்துவிட்டேன்.

"இதுக்குள்ள போனா ஊரு என்ன சொல்லும்?" என்றாள் அக்கா. "எங்க கடை ஆளுக சந்தைக்கு வார ஊருடி இது."

தோலுக்கு வந்தவளுக்கு அந்த இரண்டும் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை எனக்குத் தொழுநோய்தானோ என்றும் இருந்தது. அந்தத் தெருவில் இரண்டு தடவை போய் வந்தோம். மூன்றாவது தடவை அக்கா என்னை எதிர்ப்பக்கம் இருந்த மூலிகை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அந்தப் பலகையில் பச்சை இலை மட்டும்தான் வரைந்திருந்தது.

அவர் தூரத்திலிருந்தே பார்த்தார். "நாப்பத்தெட்டு நாள்ல வேரோட போயிரும்மா."

"இது ஒட்டுமா?"

"நம்ம மருந்து சாப்டா எதுவும் ஒட்டாது."

"அத எழுதித் தருவீங்களா?"

"எழுத்து எதுக்கு? நம்பிக்கைதான் வேணும்."

வெளியே வந்தோம். "போயிரும்ங்காருல்ல, மருந்த வாங்கேன்" என்றாள் அக்கா.

"எழுத மாட்டேங்காரே."

ரோட்டைத் தாண்டினேன். மாடிப்படி ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. டோக்கன் பதினேழு. பெஞ்சில் எல்லோரும் தரையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் ஒரு பெண். வெறும் கையால் என் கையைப் பிடித்தார். நகத்தைப் பார்த்தார், தலைமுடியை விலக்கிப் பார்த்தார். பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

"இது சோரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. ஆனா முழுசாப் போகாது. அடங்கும், திரும்ப வரும்."

"எதுத்தாப்புல நாப்பத்தெட்டு நாள்ல போயிரும்னாரே?"

"என்னால அப்படிச் சொல்ல முடியாது."

"பலகையில தொழுநோய்னு..."

"எங்க படிப்பே அதுதாம்மா. மூணையும் சேத்துத்தான் படிப்போம்."

பேப்பர் கேட்டேன், நானும் வாசிக்கிற மாதிரி தமிழில். எழுதினார். கையில் வாங்கிப் பார்த்தால் தாளின் தலையிலும் அதே மூன்று நோய் அச்சடித்திருந்தது.

"வெள்ளைத் தாள்ல தருவீங்களா?"

"வெள்ளைத் தாள யார் நம்புவா?"

கீழே இறங்கியதும் அக்கா வாங்கிப் பார்த்தாள். "மேல கிழிச்சுருவமா? கத்தரி வாங்கட்டா?"

"கிழிச்சா டாக்டர் பேரும் போயிருமே."

"அப்போ மடிச்சுக் குடு."

அன்று ராத்திரி அக்கா வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது பஸ்ஸில் மடித்துப் பார்த்தேன். மடித்தால் எதையோ மறைத்த மாதிரித்தான் இருந்தது. போகாது என்றவர் எழுதித் தருகிறார், போகும் என்றவர் தரவில்லை. யார் சொன்னது சரி என்று இப்போதும் எனக்குத் தெரியாது. டாக்டர் தந்த களிம்பைப் போடுகிறேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் பேப்பரைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. "நீயே வாசி" என்றார். பெண்கள் சுற்றி நின்றார்கள். அஞ்சாம் கிளாஸ் படித்தவள் நான். மேலிருந்து தொடங்கினேன். தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் நிபுணர். ஒருத்தி வாயைப் பொத்தினாள். நிறுத்தாமல் கீழே வரை வாசித்தேன். இவருக்கு இருப்பது சோரியாசிஸ். தொட்டாலும் சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

"செரி. போய்க் கிள்ளு" என்றார்.

மத்தியானம் நான் தள்ளியே உட்கார்ந்தேன். எங்கள் கூட்டத்து மேரி மட்டும் தன் வாளியோடு எழுந்து வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை, ஒரு கை தூரம் விட்டாள்.

"என்ன கொழம்பு?" என்றாள்.

"கருவாடு."

ஊற்றச் சொல்லித் தன் வாளி மூடியை நீட்டினாள்.