ஏழு கிலோவும் ஒரு மொட்டையும்

"ஒரே ஒரு பைதான். ஏழு கிலோவுக்கு மேல போனா உள்ள விடமாட்டாங்க," என்று புனேயிலிருந்து மகள் போனில் சொன்னாள். அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. சென்னையில் அவள் ஹாஸ்டலில் இருந்தபோது அரிசி மூட்டையோடு போய் இறங்கியவள் நான்.

அவள் வேலைக்குப் போய் எட்டு மாதம். இன்னும் நான் போய்ப் பார்க்கவில்லை. டிக்கெட் எடுத்து, நாலு நாள் லீவும் போட்டிருந்தாள். இந்த விமானத்தை விட்டால் அடுத்த லீவு எப்போது என்று அவளுக்கே தெரியாது.

மளிகைக் கடைத் தராசில் பையை வைத்தால் பத்து காட்டியது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். தேங்காய் எண்ணெய், சீயக்காய், சீப்பு, கொண்டை ஊசி டப்பா எல்லாம் ஒரு பக்கம் குவிந்ததைப் பார்த்தபோதுதான் என் வேண்டுதல் ஞாபகம் வந்தது.

மூன்று வருடம் இன்டர்வியூவுக்கு அலைந்த பெண். ஒவ்வொரு முறையும் வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். இந்தப் பக்கம் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், வேலை கிடைத்தால் முடி இறக்குகிறேன் என்று முருகனிடம் சொல்லியிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. எட்டு மாதமாகச் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டும் வந்தேன்.

"மூணு கத்திரி பூமுடி குடுத்தா போதும்மே," என்றார் வீட்டுக்காரர். சாமியிடம் தள்ளுபடி கேட்பது எனக்குப் பிடிக்காது. மறுநாள் காலையே மலையேறி, முழு மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினேன். அந்த எண்ணெய், சீயக்காய்க் குவியலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பையை வைத்தால் தராசு ஆறே முக்கால் காட்டியது. எனக்கு ஒரே பெருமை.

எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் நாலைந்து இருக்கும். அதனால்தான் எனக்கும் சரி, அவருக்கும் சரி, அடையாள அட்டையின் நினைப்பே வரவில்லை.

சென்னை விமான நிலைய வாசலில் காவல்காரப் பெண் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அட்டையில் இருந்தவளுக்குத் தோளில் தடித்த பின்னல், காதோரம் மல்லிகைப்பூ. இந்தியில் ஏதோ கேட்டாள். நான் விழித்தேன். தள்ளி நிற்கச் சொன்னாள். வரிசை என்னைத் தாண்டி நகர்ந்துகொண்டே இருந்தது.

பிறகு என் தலையிலிருந்த சந்தனத்தைப் பார்த்து, "திருப்பதி?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இல்ல, திருத்தணி," என்றேன். அப்படி ஓர் ஊரை அவள் கேள்விப்பட்டதே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கையால் மலை வரைந்து காட்டினேன், வேல் மாதிரி விரலை நீட்டினேன், மயிலைக்கூடக் காட்டினேன். அவள் முகம் இன்னும் இறுகியது.

பக்கத்து வரிசையில் இருந்த ஒருவர், "ஆமாம்னு சொல்லிட்டுப் போங்களேம்மா," என்று தெலுங்கில் சொன்னார். எங்கள் பக்கத்தில் தெலுங்கு எல்லோருக்கும் புரியும்.

எங்கள் சாமியை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் அங்கே ஒருத்தி லீவு போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். முருகனுக்குத் திருப்பதிப் பெருமாள் மாமன்தானே, குடும்பத்துக்குள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "ஆங், திருப்பதி," என்றேன். அவள் அட்டையை என் முகத்தருகே பிடித்து, கண்ணையும் மூக்கையும் நிதானமாக ஒப்பிட்டாள். பிறகு சிரித்து, கைகூப்பி உள்ளே விட்டாள்.

புனேயில் பெட்டிக்காகக் காத்திருக்கும் கும்பலைக் கடந்து முதல் ஆளாக வெளியே வந்தேன். மகள் என் தலைக்கு மேலாக எட்டி எட்டி யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்ததும் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

"உடம்புக்கு என்னாம்மா?"

"ஒன்னும் இல்ல. உனக்கு வேல கிடைக்கணும்னு வேண்டிக்கினேன்."

"சொல்லவே இல்லியேம்மா."

அத்தனை பேருக்கு நடுவில் என் மொட்டைத் தலையில் கன்னத்தை வைத்து அழுதாள், கொஞ்ச நேரத்தில் சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"முடி வளர்ற வரைக்கும் ஊருக்குப் போவாத," என்றாள்.

"நாலு நாளைக்குத்தான் துணி எடுத்துகினு வந்தேன்."

"என் சுடிதார போட்டுக்கோ."

அங்கேயே நின்று, போனில் என் திரும்பும் டிக்கெட்டைக் கேன்சல் செய்தாள். வேண்டாம் என்று நான் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.