'வா' இல்லாத கேக்

பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவளுக்குக் க்ரீம் அக்கா என்று பெயர். புருஷன் அங்கேயே அடுப்படி பார்க்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து இவளிடம் சிரித்த மொத்தச் சிரிப்பையும் கவுன்டர் பெண்ணிடம் ஒரே காலையில் சிரித்துவிடுவார். ரொட்டித் தட்டை வைக்கப் போகிற மனுஷன் எதற்கு அங்கேயே வேர்விட்டு நிற்க வேண்டும்? இவளுக்கு வயிறு பற்றி எரியும். அந்த எரிச்சலில் க்ரீம் பையை அழுத்தினால் ரோஜாவெல்லாம் முட்டைக்கோஸ் அளவுக்கு வந்து விழும்.

அந்தப் பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அப்பாடா, ஒழிந்தாள் என்று இவள் மூச்சு விடுவதற்குள் புருஷன் ஒரு கேக்கோடு வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணுக்கு. 'போய் வா'ன்னு அழகா எழுதிக் குடு."

"போ, சரி. வா எதுக்கு?"

"என்னடி இது, எல்லாரும் சொல்றதுதானே?"

எல்லாரும் சொல்லட்டும். இவள் கையால் எழுத மாட்டாள். நேரே பெரிய மாஸ்டரிடம் போனாள். அவர் பிரெஞ்சுக்காரர் கடையில் தொழில் பழகியவர்.

"மாஸ்டர், 'வா' இல்லாம வழியனுப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அதியூ. 'தியூ'ன்னா கடவுள். உன்னைக் கடவுள்கிட்ட ஒப்படைச்சிட்டேன்னு சொல்றது. இனிமே பார்க்கவே மாட்டோம்னு தோணுறவங்களுக்குத்தான் அங்க சொல்லுவாங்க."

"தலைமுழுகுறதுன்னு சொல்லுங்க!"

"சேச்சே, அவ்வளவு மோசமில்லம்மா."

இவளுக்கு அது போதும். கேக்கில் 'அதியூ' என்று எழுதும்போது சந்தோஷத்தில் கை தானாக வளைந்தது. அவ்வளவு அழகாக அவள் எழுதியதே இல்லை.

சாயங்காலம் கேக் வெட்டும்போது மாஸ்டர் அர்த்தம் சொன்னதும் கவுன்டர் பெண் இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ரொம்பப் பெரிய மனசுக்கா உங்களுக்கு!" இவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், வாசலைப் பார்த்துக்கொண்டே. பெண் பஸ் ஏறினாள். இவள் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் காலை வெண்ணெய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். மூடி போட்ட டப்பாவில் அந்த எழுத்திருந்த துண்டு அப்படியே இருந்தது.

"அதைத் தொடாதே. நான்தான் எடுத்து வச்சேன்" என்றார் பின்னாலிருந்து புருஷன்.

"எதுக்கு?"

"சும்மாதான். உன் எழுத்து அழகா இருந்துச்சு."

எத்தனை கேக்கில் எழுதியிருக்கிறாள்! ஒரு எழுத்தையாவது இந்த மனுஷன் நிமிர்ந்து பார்த்ததுண்டா? அந்தப் பெண்ணைக் கடவுளிடம் ஒப்படைத்தது இவள் மட்டும்தான். அவர் ஒப்படைக்கவே இல்லை.

இவள் டப்பாவைத் திறந்தாள். நின்றபடியே, 'அ'வில் ஆரம்பித்து, அவர் கண்ணெதிரே தின்று தீர்த்தாள்.