மூன்றாம் பாகம் இல்லாத வீடு

தேற்றாத்தீவு நல்லரத்தினத்தின் ஹாட்வெயார் கடையில் மூன்று அங்குல ஆணி கிடையாது. இரண்டரையும் அரையும் சேர்ந்த ஆணி உண்டு. "மூண்டு இஞ்ச் ஆணி ஒரு கிலோ" என்று கேட்டு வருகிறவர்களை அவர் கோபிப்பதில்லை. அறியாச் சனம் என்று மன்னித்து, "ரெண்டரையும் அரையுமா?" என்று திருத்தி, அதே ஆணியை நிறுத்துக் கொடுப்பார். ஊரில் சிலர் இதை யாரோ செய்த ஏவல் என்றார்கள். சிலர் சீமெந்துத் தூசு மூளைக்குள் போய்விட்டது என்றார்கள். இரண்டுமில்லை. அது கொள்கை.

கொள்கையின் வேர் 'விண்தோணி' என்ற விண்வெளிப் படத்தொடரில் இருக்கிறது. உலகக் கணக்கில் அது ஐந்து பாகம். நல்லரத்தினத்தின் கணக்கில் நான்கு: ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து.

முதலாம் பாகத்தை அவர் இளவயதில், ஊருக்கு மின்சாரம் வராத காலத்தில், வாடகை வீடியோ டெக்கிலும் உழவு இயந்திரப் பற்றரியிலும் பார்த்தார். விண்தோணியின் கப்டன் ஒரு மூடிய கதவில் கை வைக்கிறார். கதவு அசைகிறது. பற்றரி செத்துவிட்டது. கூடியிருந்த சனம் முழுவதும் ஒரே குரலில் "மறுகா?" என்று கத்தியது. பிறகென்ன, அப்புறம் என்ன நடந்தது என்று கேட்க மட்டக்களப்பில் அந்த ஒரு சொல் போதும். டெக்காரன் பதில் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான். கதவுக்குப் பின்னால் இருந்தது என்னவென்று நல்லரத்தினத்துக்குத் தெரியவரும்போது அவருக்குக் கலியாணமே ஆகிவிட்டது.

அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய சட்டம். சீமெந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அதை இலவசமாகச் சொல்லுவார். "படம் முடியக்குள்ள சனம் 'மறுகா?' எண்டு கேக்கோணும். கேட்டா அடுத்த பாகம் எடு. கேக்காம எடுத்தா அது களவு. கேட்டும் பதில் சொல்லாம விட்டா அது பாவம்."

முன்கதைப் படங்களை அவர் ஏற்பதில்லை. "புள்ள பெத்த மறுகா பொண்ணு பார்க்கப் போறதா?" என்பார். விண்தோணித் தொலைக்காட்சித் தொடர் மீதும் அவருக்கு நல்லெண்ணம் இல்லை. எட்டுப் பருவமும் தோணிக்குள் ஒரே நடைவழி ஓடைக்குள்தான் நடக்கிறார்கள், அந்த ஓடையும் பி.வி.சி. குழாய்க்கு வெள்ளிப் பெயின்ற் அடித்தது, இரண்டாவது கோட் அடிக்கவே இல்லை என்பது அவருடைய தொழில்முறைத் தீர்ப்பு. "மாமியும் மருமகளும் சண்டை பிடிக்கிறதுக்கு ஏன்டாப்பா வேற கிரகம்? பக்கத்துச் செட்டிபாளையத்துக்குப் போனாக் காணாதா?"

இதெல்லாம் சில்லறைக் குற்றம். மூன்றாம் பாகம் வேறு.

இரண்டாம் பாகத்தின் முடிவில், தோணியில் இருப்பவர்கள் தப்பிப் போகட்டும் என்று கப்டன் வெளியே நின்றபடி கதவைப் பூட்டிவிட்டுச் செத்துப்போகிறார். நல்லரத்தினம் அழவில்லை. செத்தவீட்டு முறைப்படி நடந்துகொண்டார். முப்பத்தொரு நாள் மீன் தொடவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, வாசலில் இறால்காரன் கூவிக்கொண்டு போகிறான்; உள்ளே ஒரு மனிதர் பூசணிக்காய்க் கறியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி இராசாத்தியும் வேறு வழியின்றி அதையே தின்றாள். செத்தது யாரென்று கேட்டு, பதிலைக் கேட்ட நாள் முதல் அவள் அந்தப் படங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

மூன்றாம் பாகம் வந்தது. பாதிப் படத்தில் கதவு திறந்தது. கப்டன் சிரித்துக்கொண்டு நின்றார். ஏதோ குளிரில் உறைந்து கிடந்தாராம்.

"முப்பத்தொண்டு குடுத்த ஆள் எப்பிடி வருவான்?" என்று எழுந்த நல்லரத்தினம், மீதிப் பாதியைப் பார்க்கவில்லை. அன்றோடு மூன்று என்ற எண் அவர் வாழ்க்கையிலிருந்து நீங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் மகள் நிருஷாவுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை சிவதர்ஷன், வந்தாறுமூலைக் கம்பஸில் அவளோடு படித்தவன், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. தாய்மாமன் வினாயகமூர்த்தியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்திருந்தான். சாதகம் பொருந்தியது. தாய்வழிக் குடி பொருந்தியது. தேநீர் வந்தது. நல்லரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"தம்பி விண்தோணி பார்த்திருக்கீங்களா?"

"ஓம் மாமா. அஞ்சும் பார்த்த."

அறைவாசலில் நின்ற நிருஷா நான்கு விரலைக் காட்டினாள். சிவதர்ஷன் கவனிக்கவில்லை.

"எது திறம்?"

"மூண்டு."

வினாயகமூர்த்திக்கு விண்தோணியும் தெரியாது, மண்தோணியும் தெரியாது. ஆனால் வீட்டுக்காரரின் முகம் தெரிந்தது. "பொடியன் நாலு எண்டு சொல்ல வந்திரிப்பான்."

"இல்ல மாமா, மூண்டுதான்" என்றான் சிவதர்ஷன், எந்த மாமாவுக்கென்று தெரியாமல் இருவருக்கும் பொதுவாக. "ரெண்டில கதவ வெளியால பூட்டின மனிசன், மூண்டில உள்ளுக்க வாறார். எனக்கு அது பிடிக்கும். பொய் சொல்ல ஏலாதுதானே?"

சாதகம் பொருந்தியது, குடி பொருந்தியது, மூன்றாம் பாகம் பொருந்தவில்லை. நல்லரத்தினம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குசினிக்குள் போனார்.

"இந்தச் சம்பந்தம் சரிவராது."

இராசாத்தி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள். "ஏன்? குடிப்பானாமா?"

"அதவிட மோசம்."

விஷயம் சாதாரணமானதல்ல. மட்டக்களப்பில் வீடு பெண்ணோடு போகும். கலியாணம் முடிந்தால் பெரிய வீடு நிருஷாவுக்கு. அவரும் இராசாத்தியும் வளவின் பின்பக்கச் சின்ன வீட்டுக்கு. வீட்டோடு சுவர் போகும். சுவரோடு, அவர் தன் கடையின் மிகப் பெரிய போல்ற் போட்டு இறுக்கிய டிவி போகும். அந்த டிவியில், அந்தச் சுவரில், மூன்றாம் பாகம் ஓடும். பின்னால் சின்ன வீட்டிலிருந்து அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"இந்த வீட்டில நான் இரிக்கும்வரைக்கும்..." என்று தொடங்கினார்.

"இது என்ட வீடு" என்றாள் இராசாத்தி. "எங்கட அம்மா எனக்குத் தந்த. நீங்க ஒரு சூட்கேசோட வந்த ஆள். வந்த அண்டைக்கு உங்கட மூளைய யாரும் சோதிக்கல்ல. சோதிச்சிருந்தா நானும் தப்பியிருப்பன்."

பின்னால் வந்த நிருஷா அழவில்லை. அவளும் அதே இரத்தம். "அப்பா, கம்பஸில படம் போடக்குள்ளதான் அவரச் சந்திச்ச. என்ன படமெண்டு கேக்காதீங்க. எனக்கும் அது நல்லமாத்தான் இரிந்த. அவர் இல்லாட்டி எனக்குக் கலியாணமும் வேணாம், இந்த வீடும் வேணாம்."

நல்லரத்தினம் கூடத்துக்குத் திரும்பி வந்து தீர்ப்பை அறிவித்தார். இரண்டாம் பாகத்தை இப்போதே எல்லோரும் பார்க்க வேண்டும். கப்டன் எப்படிச் செத்தார் என்று பெரியவர்கள் முன்னிலையில் பார்த்த பின்னும், அந்த மனிதர் திரும்பி வந்தது சரி என்று தம்பியால் சொல்ல முடிந்தால், தம்பி போகலாம்.

"பார்ப்பம் மாமா" என்றான் சிவதர்ஷன், சட்டைக்கையை மடித்துக்கொண்டு. "பார்த்த மறுகாவும் நான் மூண்டெண்டுதான் சொல்லுவன்."

படம் ஓடியது. விருந்தாளிகள் இருக்கும்போது குசினியில் நிற்பது அழகில்லை என்று இராசாத்தியும் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். முதலில் விளக்குமாறோடு உட்கார்ந்தாள். பிறகு விளக்குமாறு கீழே இருந்தது. கப்டன் கதவை இழுத்தபோது அவள் கதிரையின் பின்பக்கம் சாய்ந்து, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். கதவு பூட்டியது. தோணி போனது. வினாயகமூர்த்தி சால்வையால் மூக்கைத் துடைத்தார். எழுத்து ஓடத் தொடங்கியது.

நல்லரத்தினம் வெற்றியோடு மாப்பிள்ளைப் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லுங்க தம்பி."

தம்பி வாய் திறப்பதற்குள் இராசாத்தி கேட்டாள்.

"மறுகா?"



"மறுகா நாலு" என்றார் நல்லரத்தினம். "அதில கப்டன் இல்ல, அவர்ர மகள்தான்."

"மகளப் பத்தி யார் கேட்ட? அந்த மனிசன் வெளியால நிக்கிறான். மறுகா அவனுக்கு என்ன நடந்த?"

"செத்துப் போயித்தான். நீதானே பூசணிக்காய் சமைச்ச."

"சமைக்கக்குள்ள எனக்கு அவன் எப்பிடிப்பட்ட ஆளெண்டு தெரியா. இப்ப தெரியும்." அவள் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும், மெதுவாக, "மறுகா?" என்றாள்.

நல்லரத்தினம் மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்தார். மறுகா கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது பாவம். அது அவருடைய சட்டம். மூன்றாம் பாகத்தை அவர் விரல் தொடாது. அதுவும் அவருடைய சட்டம்.  இரண்டு சட்டத்தையும் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. ரிமோட்டைச் சிவதர்ஷனிடம் நீட்டினார்.

"மருமகன், நீங்க போடுங்க."

வினாயகமூர்த்தி மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். நிருஷா சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். 'மருமகன்' என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆணியென்றால் பிடுங்கலாம்.

சிவதர்ஷன் படத்தைப் போட்டான். நல்லரத்தினம் கதிரையைத் திருப்பி வைத்து, சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு உரிய பெண்ணும் அவளுக்கு வரப்போகிறவனும் தங்கள் சுவரில் எதையும் போடட்டும், அவர் பார்க்கவில்லை. காதுக்கு மூடி இல்லாதது அவருடைய குற்றமல்ல.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அட, இரிக்கானே!" என்று இராசாத்தி கைதட்டினாள். அடுத்த நொடியே அவள் குரல் கலண்டரை நோக்கி வந்தது. "உசிரோட இரிக்கிறவனுக்கா எனக்கு முப்பத்தொரு நாள் பூசணிக்காய் தந்தீங்க? நாளைக்குப் பெரிய பாரை மீன் ஒண்டு வாங்கித் தாறீங்க!"

நல்லரத்தினம் கலண்டரிலேயே கண் வைத்திருந்தார். அவர் முன்பு எழுந்து போன இடமும் கடந்து, அவருக்குத் தெரியாத பாதியும் முடிந்தது. கலண்டரில் அந்த மாதத்து விரத நாட்கள் அத்தனையும் அவருக்குப் பாடமாகிவிட்டன. பின்னாலிருந்து இராசாத்தியின் குரல், இம்முறை மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டது.

"மறுகா?"

"நாலு இரிக்கு மாமி."

நல்லரத்தினம் கதிரையைத் திருப்பிப் போட்டார். கையை நீட்டினார்.

"கொண்டாங்க ரிமோட்ட. நாலை நான் போடுறன்."