தரணியின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மேளம்

எங்கள் வியாசர்பாடி தெரு பீம்ராவுக்கு இருபத்தாறு வயது. துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் கண்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் வேலை. தெருவில் சாவு விழுந்தால் மேளம் அடிப்பான். அவன் அடி கேட்டால் சும்மா நிற்கிறவன் காலும் ஆடும். நான் யாரையும் லேசில் புகழ மாட்டேன், என் புருஷனைக் கேளுங்கள். ஆனால் மதியின் பிணம் எடுத்த அன்று பீம்ராவ் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

மதி எதிர்வீட்டு கெங்கம்மாவின் ஒரே மகன். குடித்துவிட்டு எண்ணூர் ரோட்டில் பைக்கில் வந்தவன், நின்றிருந்த டிரெய்லர் லாரியின் பின்னால் போய் மோதினான். பீம்ராவுக்குச் சின்ன வயசிலிருந்தே தோஸ்து.

எங்கள் பக்கம் ஒரு கேடுகெட்ட பழக்கம். வயசுப்பிள்ளை செத்தால் கூட்டாளிகள் காலையிலேயே குடித்துவிட்டு, பிண வண்டிக்கு முன்னால் பைக்கை முறுக்கி, வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு சுடுகாடு வரை போவார்கள். குடிக்காமல் வந்தால் செத்தவனுக்கு மரியாதை இல்லையாம். குடித்ததால் செத்தவனுக்கும் அதே மரியாதைதான்.

அன்றும் பைக்குகள் வரிசை கட்டின. முதல் வண்டியில் தரணி, மதியின் கூட்டாளி. காலை ஊன்றவே தள்ளாடினான். பின்னால் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். கெங்கம்மா மகனைப் பார்க்கவில்லை, அந்த வண்டியையே பார்த்தாள். "இன்னொருத்தனும் பூடுவான்டி" என்று என் கையை இறுக்கினாள்.

மேளம் நின்றது.

பீம்ராவ் மேளத்தைக் கழற்றி, தரணியின் முன்சக்கரத்தை ஒட்டி ரோட்டில் வைத்தான்.

"இன்னா மாமு, நிறுத்திட்ட?" என்றான் தரணி.

"வண்டி வந்தா மேளம் வராது. போறதுன்னா இது மேல ஏத்திக்கினு போ."

"அவன் என் தோஸ்துடா. கெத்தா அனுப்ப வாணாமா?"

"எனுக்கு மட்டும் யாரு, ரோட்ல போறவனா? நாளைக்கு உனுக்கும் வந்து அடிக்க என்னால ஆவாது. நடந்து வா."

மேளம் இல்லாமல் பிணம் எடுத்தால் எங்கள் பக்கம் பெரிய அவமானம். மதியின் சித்தப்பா சுப்புராயன் பீம்ராவின் சட்டையைப் பிடித்தார். "பேஜாரு பண்ணாத. இனிமே எவன் உன்ன சாவுக்குக் கூப்புடுவான்?"

"கூப்புட வாணாம், நைனா."

பீம்ராவ் நகரவில்லை.

கெங்கம்மா எழுந்து போய் தரணி முன்னால் முந்தானையை விரித்தாள். "சாவியப் போடு."

அவன் போட்டான். பிறகு மற்றவர்களும் போட்டார்கள். பீம்ராவ் மேளத்தை எடுத்து மாட்டிக்கொண்டு அடித்தான். அப்படி ஒரு அடியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தரணி வழியில் விழுந்தானாம். நடந்து போய் விழுந்ததால் முட்டி மட்டும் சிராய்த்தது.

இப்போதும் சாவுக்குக் கூப்பிட வருகிறவர்களிடம் பீம்ராவ் முதலில் 'வண்டி வந்தா மேளம் வராது' என்றுதான் சொல்கிறான். சிலர் வேறு மேளம் தேடிப் போகிறார்கள். போகட்டும் என்கிறான்.

மதியை எடுத்த மறுநாள் காலை பையன்கள் கெங்கம்மாவிடம் சாவி கேட்டு வந்தார்கள். தரணி கடைசியில் நின்றான், தெளிந்த முகத்தோடு.

"மன்ச்சுக்கமா. சாவி..."

"கீது, எடுத்துக்க" என்று கையில் வைத்தாள் கெங்கம்மா. "கேக்கறதுக்கு நீயாவது உசுரோட வந்தியே."